கவுண்டி அலுவலகத்தில் பழைய கட்டட அனுமதிப் பதிவுகளைப் பெற வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் நாங்கள் அண்மையில் வாங்கிய பழைய வீட்டின் பின்புறம் சேர்த்துக் கட்டப்பட்டுள்ள அறை உரிய அனுமதியுடன்தான் எழுப்பப்பட்டதா என்பதை உறுதிசெய்ய, அதன் அனுமதிப் பதிவுகளையும் வரைபடத்தையும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்திலிருந்து பெற முயன்று வருகிறேன். (வீடு நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் நகராட்சியை அணுகிப் பயனில்லை.) கிரயப் பத்திர நகல் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தியதும் கிடைத்துவிட்டது.

மாநிலப் பொது ஆவணச் சட்டப்படி, கேட்டதைத் தர இயலுமா என்பதை அலுவலகம் 10 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். சிறப்புச் சூழல்களில் மேலும் 14 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இது பதிலுக்கான கெடுவே தவிர, ஆவணத்தைக் கையில் கொடுப்பதற்கானது அன்று என்பதைத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். மனையின் பார்சல் எண்ணை (அந்த நிலத்துக்கான அடையாள எண்) குறிப்பிட்டிருந்தும், கோரிக்கை மிகப் பொதுவாக இருப்பதாக மட்டுமே பதில் வந்தது. கோரிக்கையைத் தெளிவாக்க அலுவலகமே உதவ வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது; அதை நினைவூட்டினால் பகையாகுமோ என்று தயங்குகிறேன். வரைபடத்தை அங்கேயே பார்வையிடலாம், ஆனால் நகலுக்கு அதனை வடிவமைத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை.

இத்தகைய பதிவுகளைப் பெற்றவர்கள், கோரிக்கையில் எந்த விவரங்களை எழுதினீர்கள் என்றும், வடிவமைத்தவர் யாரென்றே தெரியாத நிலையில் என்ன செய்தீர்கள் என்றும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.