பக்கத்துத் தோட்டத்துக் கலப்பை என் டிராக்டரில் பொருந்தவில்லை: பின் ஆடுகிறது, லிஞ்ச் பின் ஏற மாட்டேன் என்கிறது

செவக்காடு (கேள்வி)

வணக்கம். என் வண்டி 50 எச்.பி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன்னோட 28 எச்.பி. வண்டிக்கு வாங்கின ஐந்து கொத்துக் கலப்பையையும் ரொட்டவேட்டரையும் எடுத்துக்கச் சொல்லிட்டார். மாட்டிப் பார்த்தால் மூணு சிக்கல்.

1. கலப்பையின் கீழ்ப் பின் என் லிஃப்ட் ஆர்ம் பாலுக்குள் (ஆர்ம் முனையில் இருக்கிற ஓட்டை போட்ட உருண்டை) லொட லொடன்னு ஆடுது.
2. பின்னை முழுசா உள்ளே தள்ளினாலும் லிஞ்ச் பின் (கழன்று வராம இருக்கக் குறுக்கே செருகுற பூட்டுப் பின்) போடும் ஓட்டை பாலுக்குள்ளேயே நின்னுடுது, வெளியே வரல.
3. டாப் லிங்க் (கருவியின் மேல் பக்கத்தை வண்டியோட சேர்க்கிற திருகுக் கம்பி) முனை கலப்பையின் மேல் பட்டைகளுக்கு நடுவில் நுழையவே இல்ல.

பின்னைச் சுற்றி தகரம் மடிச்சு வெச்சு ஓட்டலாம்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா? ரொட்டவேட்டருக்கு வேற என்ன பார்க்கணும்?

பட்டறைக்காரர்

தகரம் வேண்டாம். முதல் சாலிலேயே ஒரு பக்கம் நசுங்கி வெளியே வந்துவிடும். அப்புறம் ஒரு பக்க ஆர்ம் தாழ்ந்து, கலப்பை சாய்ந்து ஓடும்.

நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே காரணத்தால் வருபவை. கருவி மாட்டும் இடத்தின் அளவுகளைக் கேட்டகரி என்று வகை பிரித்திருக்கிறார்கள்; உங்கள் வண்டி கேட்டகரி 2, அந்தக் கருவிகள் கேட்டகரி 1. பின் தடிமன் மட்டும்தான் வேறு என்று நினைத்துப் பலர் புஷ் (பின் மேல் மாட்டும் குழாய் வளையம்) வாங்கிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். மாறுவது தடிமன் மட்டும் இல்லை.

கீழ்ப் பின்: கேட்டகரி 1-ல் 22 மி.மீ., 2-ல் 28 மி.மீ.
மேல் பின்: 19 மி.மீ., 25 மி.மீ.
கீழ் பாலின் அகலம்: 35 மி.மீ., 45 மி.மீ.
இரண்டு கீழ்ப் பின்களின் தோள்களுக்கு (பால் முட்டி நிற்கும் தடித்த விளிம்பு) இடையே தூரம்: 683 மி.மீ., 825 மி.மீ.
கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் உயரம்: 460 மி.மீ., 610 மி.மீ.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கலைப் பாருங்கள். கேட்டகரி 1 பின்னில் தோளிலிருந்து லிஞ்ச் பின் ஓட்டை சுமார் 39 மி.மீ. தள்ளி இருக்கும். உங்கள் பால் 45 மி.மீ. அகலம். ஓட்டை எப்படி வெளியே வரும்? புஷ் போட்டால் ஆட்டம் நிற்கும், நீளம் கூடாது. லிஞ்ச் பின் இல்லாமல் "கொஞ்ச தூரம்தானே" என்று தூக்கிப் போவதுதான் இதில் மிக ஆபத்தான காரியம். திருப்பத்தில் ஒரு பக்கம் கழன்றால் கருவி டயர் மேல் வந்து விழும்.

சரியான வழி, கருவியில் இருக்கும் கீழ்ப் பின்னையே மாற்றுவது. நட்டு போட்டு முடுக்கிய பின்னாக இருந்தால் கழற்றி, 28-ம் 22-ம் ஒரே பின்னில் உள்ள படிப் பின் வாங்கிப் போடுங்கள். தோள் பக்கம் 28, நுனிப் பக்கம் 22, இரண்டுக்கும் தனித்தனி லிஞ்ச் ஓட்டை. அண்ணன் வண்டிக்கும் அதே பின் ஆகும் என்பதால் திருப்பிக் கொடுக்கும்போது கழற்ற வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் அவருக்கு 22 பகுதி நுனியில் இருப்பதால் ஆர்ம்கள் கொஞ்சம் விரிந்து நிற்கும்; அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழைய பின்னைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

அளக்கும்போது வெர்னியரை பின்னின் தேயாத இடத்தில் வையுங்கள். நடுவில் அளந்தால் தேய்ந்துபோன 28 பின் 26 காட்டும், குழம்பிப்போவீர்கள்.

வரப்பு

மூணாவது சிக்கலுக்கு: கேட்டகரி 2 டாப் லிங்க் பால் 51 மி.மீ. அகலம். கேட்டகரி 1 கருவியின் மேல் பட்டை இடைவெளி 44.5 மி.மீ.தான் இருக்கும். பட்டையை நெம்பி விரிக்காதீங்க, வெல்டிங் ஓரம் விரிசல் விடும்.

எளிமையான வழி இருக்கு தம்பி. கலப்பையோட சேர்த்து அவரோட டாப் லிங்க்கையும் கேட்டு வாங்கிக்குங்க. கருவிப் பக்கம் அப்படியே சேரும். உங்க வண்டிப் பக்கம் உங்க 25 மி.மீ. பின்னுக்கு அந்த பால் ஓட்டை சின்னதா இருக்கும், அதனால 19 மி.மீ. பின் போட்டு, வண்டி பிராக்கெட் ஓட்டையில 19-க்கு 25 புஷ் ரெண்டு பக்கமும் வைங்க. பால் இடைவெளிக்குள்ள பக்கவாட்டில் ஆடும், ரெண்டு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டால் போதும். திருகை ரெண்டு பக்கமும் சமமா சுத்துங்க. ஒரு பக்க மரை மட்டும் நீளமா வெளியே வந்தா வளையும்.

செவக்காடு

நன்றி அண்ணா. கலப்பையில் பின் தனியா இல்ல, குறுக்கே ஒரே ஷாஃப்ட் ஓடுது. ரெண்டு முனையும் 22. அப்ப படிப் பின் போட முடியாதே?

பட்டறைக்காரர்

அப்படியானால் முழு ஷாஃப்டையும் மாற்றுவதுதான் நல்லது. ஐந்து கொத்துக் கலப்பையில் அது யு போல்ட்டிலோ தாங்கியிலோதான் உட்கார்ந்திருக்கும், கழற்றுவது எளிது. புதிய ஷாஃப்டைத் தோளுக்குத் தோள் 825 வைத்து, முனை 28 ஆகக் கடைந்து, லிஞ்ச் ஓட்டைக்குத் தோளிலிருந்து 49 மி.மீ. விடச் சொல்லுங்கள். சாதா மைல்டு ஸ்டீல் கம்பியில் கடைந்தால் வேரில் தட்டும்போது வளையும், இ.என். 8 என்ற வலுவான ஸ்டீல் கேளுங்கள். பழைய ஷாஃப்டைப் பத்திரமாக வைத்துத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள்.

பழைய ஷாஃப்ட் முனையில் துண்டு வெல்டிங் வைத்து நீட்டித் தருவதாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோள் பக்கம்தான் முழு இழுவையும் விழுகிறது.

நாற்றங்கால்

அகலத்தைப் பற்றி யாரும் சொல்லலையே. 683-க்கும் 825-க்கும் வித்தியாசம் 142, பக்கத்துக்கு 71 மி.மீ. ரொட்டவேட்டரில் பழைய அகலத்திலேயே மாட்டினால் ஆர்ம் ரெண்டும் அந்த அளவு உள்ளே வரணும். செக் செயின் (ஆர்ம் பக்கவாட்டில் ஆடாம பிடிக்கிற செயின்) வெளிப்பக்கம் இருக்கிற வண்டின்னா செயினை அந்த அளவுக்கு நீட்டிட்டு, கருவியை முழுசா மேலே தூக்கியும் கீழே இறக்கியும் பாருங்க. கீழே தளர்வா இருக்கிற செயின் மேலே போகும்போது இறுகலாம். பார்க்காம தூக்கினால் பிராக்கெட் போல்ட் போகும். ரொட்டவேட்டருக்கு பக்க ஆட்டம் கிட்டத்தட்ட இல்லாம வைங்க, கலப்பைக்கு கொஞ்சம் ஆட்டம் விடுங்க.

வரப்பு

ரொட்டவேட்டரில் பி.டி.ஓ. ஷாஃப்ட் (எஞ்சின் சுற்றைக் கருவிக்குக் கொண்டு போற, குழாய்க்குள் குழாயா நீளுற தண்டு)தான் பெரிய விஷயம். ரெண்டு வண்டியிலும் 540 சுற்று, 6 பல், 35 மி.மீ. முனைன்னா சேர்ந்துக்கும். சேருது என்பதாலேயே நீளம் சரின்னு அர்த்தமில்ல. பி.டி.ஓ. முனையிலிருந்து கீழ்ப் பின் வரை தூரம் கேட்டகரி 1-ல் 500 முதல் 575 மி.மீ., 2-ல் 550 முதல் 625. அதாவது உங்க வண்டியில் கருவி பின்னாடி தள்ளி நிற்கும், ஷாஃப்ட் நீளம் பத்தாமப் போக வாய்ப்பு அதிகம்.

ஷாஃப்ட் இல்லாம கருவியை மாட்டுங்க. வண்டி முனையும் கியர்பாக்ஸ் முனையும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரை தூக்குங்க. பொதுவா அதுதான் மிகக் குறைந்த தூரம். எஞ்சினை நிறுத்தி, கருவிக்குக் கீழே கட்டை முட்டு கொடுத்துட்டு, ஷாஃப்டை ரெண்டு பாதியாப் பிரிச்சு அந்தந்த முனையில் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பிடிச்சுப் பாருங்க. இந்த நிலையில் குழாய் முட்டறதுக்கு முன்னாடி 25 மி.மீ. மிச்சம் வேணும். முட்டினால் கியர்பாக்ஸ் பேரிங், வண்டியின் பி.டி.ஓ. பேரிங் ரெண்டும் போகும். அப்புறம் முழுசா இறக்கி, முழுசா தூக்கிப் பாருங்க. அங்கே குழாய் ஒன்றுக்குள் ஒன்று மூணில் ஒரு பங்காவது இருக்கணும். இல்லைன்னா நீளமான வேற ஷாஃப்ட் தேடுங்க. நீளம் கூடினாலும் அவர் ஷாஃப்டை அறுக்காதீங்க, அவர் வண்டிக்கு அது பத்தாமப் போயிடும்.

இன்னொன்னு, ஷியர் போல்ட் (பளு கூடினா தான் அறுந்து கியரைக் காப்பாத்துற போல்ட்). 28 எச்.பி.க்கு வடிவமைச்ச கியர்பாக்ஸை 50 எச்.பி. சுத்தப் போகுது. போல்ட் அடிக்கடி அறுந்தால் கடினமான போல்ட் மாத்துறது வழக்கம். அப்படி மாத்தினா அடுத்து அறுவது கியர்.

புதியவர்

எனக்கு நேர் எதிர். 30 எச்.பி. வண்டி, கேட்டகரி 1 பால். கிடைத்திருப்பது கேட்டகரி 2 கலப்பை. பாலை 28-க்குத் துளை பெரிசு பண்ணலாமா?

பட்டறைக்காரர்

பண்ணாதீர்கள். சுவர் மெலிந்து பால் பிளக்கும். கருவிப் பக்கம் படிப் பின்னோ 22 பின்னோ மாற்றுங்கள். பின் சேர்ந்தாலும் வண்டி தாங்குமா என்பது தனிக் கணக்கு. லிஃப்ட் திறன் பெரும்பாலும் பாலுக்கு 610 மி.மீ. பின்னால் அளந்து சொல்லப்படுவது, உங்கள் கலப்பையின் எடை அதற்கும் பின்னால் விழலாம். சமதரையில் ஒரு சாண் மட்டும் தூக்கி, முன் சக்கரம் லேசாகிறதா பாருங்கள். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இல்லாவிட்டால் ஸ்டியரிங் பேசாது. முன்னால் எடை கட்டியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கலப்பை உங்கள் வண்டிக்கு இல்லை.

செவக்காடு

ரொட்டவேட்டர் அகலத்தையும் இப்ப அளந்தேன், என் பின் டயர் வெளி அகலத்தை விடக் குறைவு. ரெண்டு டயர் தடமும் உழாம நிற்கும்போல.

நாற்றங்கால்

நிற்கும். தாங்கிகளை நகர்த்தி ஒரு பக்கம் தள்ளி மாட்ட வழி இருந்தால், கடைசித் தடத்தை அடுத்த சால் மூடும்படி ஓட்டலாம். இல்லைன்னா கலப்பையை மட்டும் எடுத்துக்குங்க.