நாள்வாரி மழை அட்டவணை: தர்மபுரி இரண்டு மடங்கு, கிருஷ்ணகிரி நான்கு மடங்கு! எங்கே தப்பு?

மாந்தோப்பு
இரண்டு மாவட்ட மழைமானி நிலையங்களின் நாள்வாரி அளவு எக்செல் கோப்பாக இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஷீட். வரிக்கு ஒரு நிலையம், குறுக்கே 1 முதல் 31 வரை பத்திகள், கடைசியில் "மொத்தம்". பாண்டாஸில் (பைத்தான் மொழியின் அட்டவணைத் தொகுப்பு) மெல்ட் (பத்திகளை வரிகளாக்கும் கட்டளை) போட்டு நீளவாக்குக்கு மாற்றி, நிலையப் பட்டியலோடு மெர்ஜ் (இணைப்பு) செய்து, ஆண்டு, மாதம் வாரியாகக் கூட்டினேன். வந்த சிக்கல்கள்:

அரூர், பாலக்கோடு, பென்னாகரம் எல்லாம் சரியாக இரண்டு மடங்கு. ஊத்தங்கரை, ஓசூர், போச்சம்பள்ளி சரியாக நான்கு மடங்கு.
பதிவே இல்லாத மாதங்களுக்கு 0 மி.மீ. காட்டுகிறது.
தேன்கனிக்கோட்டை வரைபடத்தில் இரண்டு தனி நிலையமாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே எழுத்து.
வெப்பப்படம் (மழை அளவை நிறத்தால் காட்டும் கட்டப்படம்) வரைந்தால் 2024 டிசம்பர் 2 ஊத்தங்கரைக் கட்டம் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெளுப்பு.

எதிலிருந்து தொடங்கலாம்?

ராகிக்களி
மடங்கைச் சரியாகக் கவனித்து எழுதியதால் பாதி வேலை முடிந்துவிட்டது. உங்களிடம் இரண்டு தனித் தப்புகள் இருக்கின்றன.

முதல் இரட்டிப்பு "மொத்தம்" பத்தியால். மெல்ட் அதையும் 32-ஆவது நாள் மாதிரி கீழே இறக்கிவிட்டது. அது எல்லா நிலையத்துக்கும் பொது. இரண்டாவது இரட்டிப்பு கிருஷ்ணகிரிக்கு மட்டும். நிலையப் பட்டியலில் அந்த ஊர்கள் இரண்டு முறை இருக்கும், பாருங்கள்: ஒன்று தர்மபுரி மாவட்டம் என்று, இன்னொன்று கிருஷ்ணகிரி என்று. மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். பழைய பட்டியலையும் புதியதையும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். மெர்ஜில் ஒரு வரிக்கு இரண்டு ஜோடி கிடைத்தால் வரி இரண்டாகும், பிழைச் செய்தி வராது. மெர்ஜுக்குள் வேலிடேட் என்ற அளவுருவுக்கு "மெனி_டு_ஒன்" கொடுங்கள், அங்கேயே நின்று கத்தும். பட்டியலில் நிலையத்துக்கு ஒரே வரி, இன்றைய மாவட்டம் மட்டும் வையுங்கள்.

"மொத்தம்" பத்தியை வீசிவிட வேண்டாம். தனியே எடுத்து வைத்து, நீங்கள் கூட்டியதோடு 0.05 மி.மீ. வித்தியாசத்துக்குள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத வரிகளில்தான் தட்டச்சுப் பிழை இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் தணிக்கை அது. ஷீட்டின் அடியில் "சராசரி" வரி ஏதும் இருந்தால் அதையும் முன்பே நீக்குங்கள்.

இனி படிக்கும் முறை. ரீட்_எக்செல்லில் ஷீட் பெயருக்கு நன் (None) கொடுத்தால் எல்லா ஷீட்டும் ஒரே டிக்‌ஷனரியாக வரும். எல்லாவற்றையும் எழுத்தாகவே படியுங்கள், கீப்_டிஃபால்ட்_என்ஏ-வை ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் பாண்டாஸ் சில குறிகளைத் தானே வெற்றாக்கும், சிலதை ("-" மாதிரி) விட்டுவிடும். எது எது வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து ஒரு மாற்று அட்டவணை எழுதுங்கள்: "பதிவில்லை" என்றால் வெற்று, "துளி" என்றால் 0. வெறும் "-" என்றால்? சில ஊரில் அது மழையில்லை, சில ஊரில் பதிவில்லை. "மொத்தம்" பத்தியால் இதைத் தீர்க்க முடியாது, அட்டவணை தயாரித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

தாலுகா பத்தி இணைத்த கலங்களாக இருந்தால் முதலில் வெற்று எழுத்தை வெற்று மதிப்பாக்கி, பிறகு எஃப்ஃபில் (மேலுள்ள மதிப்பைக் கீழே நிரப்புவது). அந்தப் பத்திக்கு மட்டும்! மழைப் பத்திக்குப் போட்டால் நேற்றைய மழை இன்றும் பெய்யும்.

தேதிக்கு ஆண்டு, மாதம், நாள் மூன்று பத்தியையும் டு_டேட்டைமுக்குக் கொடுத்து எர்ரர்ஸ் அளவுருவைக் "கோயர்ஸ்" ஆக்குங்கள். பிப்ரவரி 30 வெற்றாகிவிடும். ஆனால் நீக்குமுன் அந்தக் கலங்களில் எண் ஏதும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரி முழுக்க ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கலாம்.

பதிவில்லாத மாதம் 0 ஆவது பாண்டாஸின் குணம். எல்லாமே வெற்றாக இருந்தாலும் சம் (கூட்டல்) 0 தரும். மின்_கவுண்ட் என்று ஒரு அளவுரு உண்டு. 1 கொடுத்தால் முழு வெற்று மாதம் வெற்றாகவே நிற்கும். ஆனால் 1 போதாது. 30-இல் 4 நாள் பதிவை வைத்து மாத மழை சொல்லக் கூடாது. பதிவான நாள் எண்ணிக்கையைப் பக்கத்தில் இன்னொரு பத்தியாக எப்போதும் வையுங்கள்.

கணக்குப்புலி
ஊத்தங்கரைக்குச் சுலபமான வழி: சராசரிக்கு மேல் மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டியதை எல்லாம் நீக்குங்கள். படம் அழகாக வரும்.

ராகிக்களி
தயவு செய்து வேண்டாம் அண்ணா. அது நிஜ மழை. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கடந்தபோது, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பெய்தது. அதே நாள் அரூரில் சுமார் 33 செ.மீ. பக்கத்து நிலையமும் சாட்சி சொல்கிறது. நம் பகுதியில் பெரும்பாலான நாள் 0. அந்தக் குவியலில் திட்டவிலக்கம் சிறியதாகவே வரும், ஒரு சாதாரண ஐப்பசி மழையைக்கூட அந்த விதி கொன்றுவிடும்.

சந்தேக மதிப்பை நீக்காமல் "சரிபார்" என்று ஒரு கொடிப் பத்தி வையுங்கள். விதி: 100 மி.மீ.க்கு மேல், ஆனால் அன்று பக்கத்து மூன்று நிலையங்களும் 5-க்குக் கீழ். 12.4 என்பதைப் புள்ளி இல்லாமல் 124 என்று அடித்தவை இதில் சிக்கும். கோடை இடிமழை ஒரே ஊரில் கொட்டுவதும் உண்டு. அதனால்தான் கொடி, கத்தரி இல்லை.

படத்துக்குத் தொடர் வண்ண அளவை விட்டுவிடுங்கள். வானிலைத் துறையின் வகைகளே வண்ணப்படி: 2.5, 15.6, 64.5, 115.6, 204.5 மி.மீ. எண்களை வகைகளாகப் பிரிக்கும் கட் ஃபங்ஷனுக்கு 0, 0.1, பிறகு இந்த எல்லைகள், கடைசியில் முடிவிலி. ரைட் அளவுருவை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சரியாக 64.5 பெய்த நாள் "கனமழை"க்குப் பதில் "மிதமழை"யில் விழும். மடக்கை அளவு வேண்டாம், 0-க்கு மடக்கை கிடையாது. பதிவில்லாத நாளுக்குச் சாம்பல், மழையில்லா நாளுக்கு வெள்ளை. இரண்டும் ஒரே நிறமானால் படம் பொய் சொல்லும்.

தொப்பூர்க்கணவாய்
இரட்டைத் தேன்கனிக்கோட்டை: "கோ"வை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏ-கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, கணினிக்கு வேறு. பாலக்கோடு, போச்சம்பள்ளிக்கும் இதே வியாதி வரும். யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ், "என்எஃப்சி" முறை போட்டால் இரண்டும் ஒன்றாகும், கூடவே ஓர இடைவெளியை நீக்க ஸ்ட்ரிப். ஆனால் பென்னாகரம், பெண்ணாகரம் என்பதை அது சேர்க்காது. அதற்குக் கைப்பட மாற்றுப் பட்டியல்தான்.

டக்டிபி (எஸ்க்யூஎல் தரவுத்தளம்) பிடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே மெல்ட் வேலையைச் செய்யும் அன்பிவட் வெற்று மதிப்புகளைத் தானாகவே விட்டுவிடும், "இன்க்ளூட் நல்ஸ்" சேர்க்க வேண்டும். எஸ்க்யூஎல்லில் முழு வெற்றின் கூட்டல் வெற்றே, பாண்டாஸ் மாதிரி 0 இல்லை. இரண்டிலும் கணக்கிட்டு ஒப்பிட்டால் இந்த இடத்தில்தான் உதைக்கும்.

வழக்கமான மேட்பிளாட்லிப் (பைத்தானின் படம் வரையும் தொகுப்பு) நிறுவலில் தமிழ் ஊர்ப்பெயரின் கொம்பு இடம் மாறினால் ஃபான்ட்டைத் திட்டாதீர்கள், அதன் பழைய பதிப்புகள் எழுத்துக்கோப்பு (கொம்பு, காலை உரிய இடத்தில் சேர்ப்பது) செய்வதில்லை. எஸ்விஜி ஃபான்ட்டைப்பை "நன்" ஆக்கி எஸ்விஜியாகச் சேமித்துப் பிரவுசரில் திறங்கள், சரியாக வரும். ஆல்டேர், பிளாட்லி மாதிரி பிரவுசரில் வரையும் தொகுப்புகள் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

மாந்தோப்பு
மடங்கு போயிற்று, தேன்கனிக்கோட்டையும் ஒன்றானது. நன்றிங்க. இன்னொன்று: ஊத்தங்கரை மழையைக் கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணை நீர்வரத்தோடு ஒரே படத்தில் போட்டேன், பொருந்தவில்லை. மழைத் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளட்டுமா?

ராகிக்களி
தள்ளினாலும் பொருந்தாது. ஊத்தங்கரை அணைக்குக் கீழே இருக்கிறது, அந்தத் தண்ணீர் பாம்பாற்றுக்குப் போகிறது. அணைக்கு மேலேயுள்ள ஓசூர், கெலவரப்பள்ளிப் பக்கத்து நிலையங்களை எடுங்கள்.

தேதி விஷயம் தனி. 2-ஆம் தேதி மழை என்பது 1-ஆம் தேதி காலை 8.30 முதல் 2-ஆம் தேதி காலை 8.30 வரை. மாதக் கூட்டலுக்குப் பதிந்த தேதியையே வையுங்கள், இல்லாவிட்டால் அரசு எண்ணோடு ஒத்துவராது. நீர்வரத்தும் காலையில் ஒருமுறை எடுத்ததானால் தள்ளவே வேண்டாம். மணிவாரியானால் நீர்வரத்தை மாற்றுங்கள்: ரீசாம்பிள் (நேர இடைவெளிவாரியாகத் தொகுப்பது) 24 மணி, ஆஃப்செட் 8 மணி 30 நிமிடம், குளோஸ்டு, லேபிள் இரண்டும் "ரைட்". நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஆஃப்செட் 3 மணி.