காட்மனின் 'கிரீட்டா பாலம்' ஓவியத்தைப் பார்த்து வரைந்து நீர்வண்ணம் பழகலாமா?

கேள்வி:
வணக்கம். நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரையப் பழகிவருகிறேன். ரொமான்டிக் காலத்து ஆங்கில ஓவியம் ஒன்றை முழுமையாகப் பார்த்து வரைந்து கற்க விரும்புகிறேன். டர்னர் 1842இல் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையை வரைந்த 'நீல ரிகி', ஜான் செல் காட்மன் 1805 வாக்கில் வரைந்த 'கிரீட்டா பாலம்' ஆகிய இரண்டில் முதல் முயற்சிக்கு எது ஏற்றது? அகன்ற பரப்பில் கோடு விழாமல் வண்ணத்தைச் சமமாகப் பரப்பும் முறையையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
தயங்காமல் காட்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீல ரிகி'யில் டர்னர் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அவற்றின்மீது நுண்ணிய தூரிகைக் கோடுகளை இழைத்திருப்பதால், எந்தப் பூச்சு முதலில் விழுந்தது என்று கண்டுபிடிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். காட்மனின் படத்திலோ தெளிவான விளிம்புடைய தட்டையான வண்ணப் பரப்புகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதால், வேலை நடந்த வரிசையைக் கண்ணாலேயே படித்துவிடலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கி, மரங்களைப் பாருங்கள். இலை இலையாக எதையும் வரையாமல், மரத்தொகுதி முழுவதையும் ஒரே வடிவமாகக் கண்டிருக்கிறார். ஆற்றுப் பாறைகளும் அப்படித்தான்; வெளிச்சப் பக்கத்துக்கு ஒரு நிறம், நிழல் பக்கத்துக்கு இன்னொன்று, அவ்வளவிலேயே பாறையின் கனம் வந்துவிடுகிறது.

பூச்சைப் பொறுத்தவரை, தேவைக்கு மேலாகவே வண்ணத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, பலகையைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து கிடையாக இழுங்கள். ஒவ்வோர் இழுப்பின் கீழ் விளிம்பிலும் வண்ணநீர் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். கடைசியில் எஞ்சும் நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிட்டு, முழுவதும் உலரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் ஓரம் சுருண்ட கறை விழும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனுள்ள காட்டன் தாள் என்றால் பூச்சுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

பதில் 2:
வண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்கால ஓவியர்கள் பரவலாகப் பயன்படுத்திய இண்டிகோ (அவுரி நீலம்) வெளிச்சத்தில் மங்கக்கூடியது. அதைச் சிவப்போடு கலந்து உண்டாக்கிய சாம்பல் நிற மேகங்கள் சில படங்களில் இன்று செம்மை ஏறிக் காணப்படுகின்றன. அச்சுப்படமும் திரையும் வேறு நிறத்தைக் காட்டும். ஆகவே நிறத்தை அப்படியே பிடிக்க முயல்வதைவிட, எது வெளிர், எது இடைநிலை, எது அடர்த்தி என்பதைப் பிடியுங்கள். ஒரே பழுப்பு நிறத்தில் முதலில் சிறிய அளவில் வரைந்து பார்த்தால், படத்தின் எலும்புக்கூடு விளங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூலத்தைவிடப் பெரிதாக வரையலாமா? பார்த்து வரைவதால் சொந்தப் பார்வை மழுங்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில் 3:
காட்மனின் மூலம் ஏறத்தாழ 23 × 33 செ.மீ., அதாவது ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. அதே அளவில் வரைந்தால்தான் அவருடைய தூரிகை வீச்சு உங்கள் கைக்குப் பழகும்.

பார்வை மழுங்கும் என்ற அச்சம் தேவையில்லை. 1790களில் லண்டனில் ஓவியர்களை ஆதரித்த டாக்டர் தாமஸ் மன்றோவின் வீட்டில் மாலை நேரங்களில் இளம் டர்னரும் தாமஸ் கெர்டினும் மூத்த நீர்வண்ண ஓவியர் ஜான் ராபர்ட் கோசன்ஸின் படங்களைப் பார்த்து வரைந்தார்கள். கோட்டுருவம் கெர்டினுடையது, பூச்சு டர்னருடையது. பின்னாளில் இருவரும் முற்றிலும் வேறுபட்ட ஓவியர்களாக வளர்ந்தார்கள். காட்மனும் மன்றோவின் ஆதரவைப் பெற்றவர்தான். பிற்பாடு இங்கிலாந்தின் நார்விச் நகரில், சந்தா கட்டியவர்கள் அவருடைய படங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்த்து வரையும்படி ஓர் இரவல் நூலகமே நடத்தினார்.

ஒருமுறை வரைந்து முடித்ததும் மூலத்தை மூடிவைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வேறொரு பாலத்தை இதே பூச்சு வரிசையில் வரைந்து பாருங்கள். முதல் படத்தின் பின்புறம் 'காட்மனைப் பார்த்து வரைந்தது' என்று எழுதிவைக்க மறவாதீர்கள்.