எங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள்

நம்ம ஊர்ப் பள்ளியில் படித்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்த எங்கள் அம்மா போன மாதம் தவறிவிட்டார். உங்களுக்கெல்லாம் அவர் 'ஆயாம்மா'. முதல் வருஷத் திதிக்குள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட ஆசைப்படுகிறோம்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. அப்பா போன பிறகு அம்மா சமையல் உதவியாளராகச் சேர்ந்தது அப்படித்தான். அந்தத் தொகுப்பூதியத்தில்தான் எங்களைப் படிக்க வைத்தார். விறகடுப்புப் புகையில் கண் சிவந்து வருவார். ஆனாலும் ஒருநாள் விடுப்பு எடுக்கச் சம்மதிக்க மாட்டார். "நான் போகலேன்னா அந்தப் பிள்ளைங்க வயிறு என்னாகும்" என்பார். 1989-ல் சத்துணவில் முட்டை வந்தபோது, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரே உரித்துக் கொடுப்பாராம். இதைக்கூட துக்கத்துக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இப்படி எங்களுக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கும்.

பழைய ஆண்டு விழா, சுதந்திர தினப் படங்களில் ஓரமாக நின்றிருந்தாலும் அனுப்புங்கள். எங்களிடம் இருப்பது ரேஷன் கார்டுப் படம் மாதிரி ஒன்றிரண்டுதான். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், கிழிந்துவிடும்; பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடாமல் செல்போனில் எடுத்தாலே போதும். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவாகச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எந்த வருஷம், எந்த வகுப்பு, உங்கள் பெயரைப் போடலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்குள் கிடைத்தால் அச்சகத்தில் கொடுக்க வசதியாக இருக்கும்.