குடவோலை வந்தால் ஊர் திருந்திடுமா?

ஏரிக்கரையான்:
நேற்று இங்கே ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "ஊராட்சி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும்னா பெயர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளை எடுக்கிற குடவோலையைத் திரும்பக் கொண்டுவாங்க. 35 வயசு ஆனவன்தான் நிற்கலாம்னு எடுத்த எடுப்பிலேயே சோழர் காலத்து உத்திரமேரூரில் கல்லில் வெட்டி வெச்சான் தமிழன்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. எங்க ஊரில் மே 1 கிராம சபைக்கு வந்த தலை முப்பத்திச் சொச்சம். மக்கள்தொகை 2,000க்கு மேல, அப்போ சபை செல்லணும்னா குறைஞ்சது 100 பேர் வரணும். மறுநாள் தீர்மான நோட்டு நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள 100 கையெழுத்து. இதைக் குடத்தில் கை விட்டு எப்படிச் சரி பண்ணுவீங்க?

சோழமண்டலம்:
அந்தப் புண்ணியவான் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் சித்தி பிள்ளை, அத்தை மகன், மாமன் மகன் வரைக்கும் ஓலையில் பெயர் எழுதக் கூடாதுன்னு வெச்சிருந்தான். இன்னிக்கு அதை வெச்சா எத்தனை கான்ட்ராக்டர் மச்சான்கள் தேறுவாங்க?

கல்வெட்டுப்பித்தன்:
35 என்பது தவறு. சோழ மன்னன் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (919) 30க்கு மேல் 60க்குள் என்கிறது. 14ஆம் ஆண்டில் (921)தான் 35, 70 என்று மாற்றினார்கள். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலேயே இரண்டும் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு எழுதவும்.

சோழமண்டலம்:
கடைசியா நின்னது எது சார்? 35தானே?

கல்வெட்டுப்பித்தன்:
"எடுத்த எடுப்பிலேயே" என்று எழுதியது யார்? எடுத்த எடுப்பில் 30.

கீழத்தெரு:
முப்பதோ முப்பத்தஞ்சோ, எங்களுக்கு என்ன? கால் வேலிக்கு மேல (வேலின்னா பழைய நில அளவு) வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வேதம் தெரியணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம்யா. எங்க பாட்டன் பேர் எந்த ஓலையில் இருந்திருக்கும்? மதுரை பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவியைத் தனித்தொகுதி ஆக்கினதுக்கு 1996லிருந்து 2006 வரைக்கும் தேர்தலையே ஒழுங்கா நடத்த விடல. நம்பிக்கை போச்சாம். எங்களுக்கு எப்போ இருந்துச்சு, போறதுக்கு?

சோழமண்டலம்:
எதை எடுத்தாலும் சாதியா? நல்லதைப் பேச விடமாட்டீங்களா?

கீழத்தெரு:
நிலத்தையும் வேதத்தையும் கல்லில் வெட்டினது நானா?

கல்வெட்டுப்பித்தன்:
கீழத்தெரு சொன்னதில் ஒரு திருத்தம். அரைக்கால் வேலி இருந்து, ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூல்) வல்லவராக இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். நிற்க. சோழமண்டலம் இன்னும் 30ஐ ஒப்புக்கொள்ளவில்லை. போன வருஷம் கல்லணை விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் நழுவினார். நான் மறக்கவில்லை.

சோழமண்டலம்:
கல்லணையில் நான் சொன்னது சரி. நீங்கதான் பழைய பதிவை அழிச்சீங்க.

கல்வெட்டுப்பித்தன்:
அழிக்கவில்லை, திருத்தினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 30க்கும் 35க்கும் இருப்பதுபோல.

மேட்டுப்பாளையத்தான்:
ஏங்க, பக்கத்துல ஓடந்துறை இருக்குதுங்க. பஞ்சாயத்தே கடன் வாங்கி 2006ல் 350 கிலோவாட் காத்தாலை போட்டு, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு வித்துதுங்க. எந்தக் குடமும் இல்லாம நடந்துதுங்க.

ஏரிக்கரையான்:
அப்படி ஒண்ணு சொல்லுங்கண்ணே. எங்க ஊரில் குடிநீர்த் தொட்டி கழுவின செலவைக் கேட்டதுக்கு, "நீ எந்தக் கட்சி?"ன்னு கேட்டாங்க.

கல்வெட்டுப்பித்தன்:
காற்றாலை ஓடந்துறையில் இல்லை, உடுமலை பக்கம் மைவாடியில். தகவலைச் சரியாகச் சொல்லவும்.

மேட்டுப்பாளையத்தான்:
ஓடந்துறைக்குள்ள நிக்குதுன்னு நான் எங்கீங்க சொன்னேன்?

கீழத்தெரு:
பித்தன் ஐயா, ஒரு கேள்வி. நீங்க கடைசியா உங்க ஊர் கிராம சபையில் உட்கார்ந்தது எப்போ? ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

கல்வெட்டுப்பித்தன்:
நான் சென்னையில் இருக்கிறேன். ஓட்டு மட்டும் ஊரில்.

கீழத்தெரு:
நல்லது. உங்க கையெழுத்தையும் யாராச்சும் போட்டிருப்பாங்க, கவலைப்படாதீங்க.

சோழமண்டலம்:
😂 இதுக்கு மட்டும் கீழத்தெரு கூட நான்.

கீழத்தெரு:
வேண்டாம். நீங்க உங்க குடத்தோடவே இருங்க.

ஏரிக்கரையான்:
சிரிக்கிற விஷயமா இது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிஞ்சு, அடுத்த தேர்தல் வந்தது 2019 டிசம்பர். அதுவும் 27 மாவட்டத்துக்கு மட்டும். மூணு வருஷம் தனி அலுவலர் கையில் ஊர். அப்போ யாரும் வாய் திறக்கல. உங்க உத்திரமேரூரில் 360 நாள் முடிஞ்சா எழுந்து போயிடணும். கல்வெட்டைக் காட்டுறவர் அதையாவது உருப்படியா காட்டலாமே.

கல்வெட்டுப்பித்தன்:
360 சரி. நன்றி. இப்போது 30?

ஏரிக்கரையான்:
சாமி, இன்னிக்கு 21 வயசுல நிற்கலாம். உங்க 30 யாருக்கு வேணும்?

கல்வெட்டுப்பித்தன்:
சரித்திரத்துக்கு வேண்டும். தவறான எண்ணை வைத்துக்கொண்டு ஊரைத் திருத்தப் புறப்பட்டால் இப்படித்தான். கோயில் சுவரில் நான் எடுத்த படங்கள் நான்கு கீழே உள்ளன. மூன்றாவது படத்தில் இடமிருந்து பார்க்கவும்.

சோழமண்டலம்:
மூணாவது படம் மங்கலா இருக்கு. எனக்கு 35ன்னுதான் தெரியுது.

கல்வெட்டுப்பித்தன்:
அது நான்காவது படம்!

ஏரிக்கரையான்:
ஆகஸ்ட் 15க்குத் தொட்டிக் கணக்கை எழுத்துல கேட்கப் போறேன். கூட வந்து உட்கார யார் இருக்கீங்க?

கல்வெட்டுப்பித்தன்:
மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி மறுபடி போட்டிருக்கிறேன்.