காசு போச்சு, டிக்கெட் வரவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி:
நேற்று காலை பெங்களூரு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி பனசங்கரிக்கு டிக்கெட் கேட்டேன். ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 23 ரூபாய் அனுப்பினேன். ஆப்பில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது. என் கணக்கில் காசு கழிந்துவிட்டது. நடத்துநரோ கையிலிருந்த மெஷினைப் பார்த்து "பந்தில்லா, பந்தில்லா" (வரவில்லை) என்று கன்னடத்தில் சொல்கிறார். மார்க்கெட் ஸ்டாப் தாண்டியும் அதே கதைதான். பக்கத்தில் நின்றவர்கள் முறைக்க, இருந்த ஒரே ஐம்பது ரூபாயை நீட்டி டிக்கெட் வாங்கினேன். மீதி 27 என்று டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்கவும் மறந்தாச்சு. அந்த 23 திரும்ப வருமா?

பதில் 1:
வரும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் காசு கழிந்து காசு பெறுபவருக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. எதற்கும் ஆப்பில் புகார் பதிந்து வையுங்கள்.

பதில் 2:
புகாருக்குச் சான்றாக டிக்கெட்டை உடனே போட்டோ எடுங்கள். அது மை இல்லாமல் வெப்பத்தால் அச்சாகும் தாள், நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும்.

பதில் 3:
பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2023 ஜூனிலிருந்து இலவச டிக்கெட். ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். சேலம் ஆதாரோடு வந்த எங்கம்மா காசு கொடுத்துத்தான் போனார்.

கேட்டவர்:
மூன்றாம் நாள் 23 வந்துவிட்டது, நன்றி. அந்த 27 தான் போனது போனதுதான்.