ஃபாக்ஸ்புரோவிலிருந்து டாலிக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். திண்டுக்கல்லில் அப்பாவின் ஹார்டுவேர் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பில் போடுவது இன்னமும் டாஸ் காலத்து டேட்டாபேஸ் மென்பொருளான ஃபாக்ஸ்புரோவில்தான். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால் பழைய எக்ஸ்பி கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து வரிக்கணக்கு தனியாக எக்செல்லில். ஒரே பில்லை இரண்டு முறை அடிக்கிறோம்.

டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். ஃபாக்ஸ்புரோ டேட்டா இருக்கும் டிபிஎஃப் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கின்றன, அதுவரை சரி. உள்ளேதான் குப்பை. பைப் வளைவில் மாட்டும் முக்கால் இன்ச் எல்போ ஒன்றே நான்கு பெயரில் கிடக்கிறது. ஜிஎஸ்டிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் எதற்கும் இல்லை.

அப்புறம், கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி. மவுசைத் தொடவே மாட்டார். 417 என்று தட்டினால் எல்போ, 502 என்றால் டீ, அதாவது மூன்று வழி பைப் இணைப்பு. வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் பில்லைக் கிழித்து நீட்டிவிடுவார். அந்த எண்கள் போனால் அவரும் போய்விடுவாரோ என்று பயம்.

பழைய எண்களை டாலியில் அலியாஸாக, அதாவது மாற்றுப் பெயராகக் கொடுத்தால் அதே வேகம் வருமா? ஏப்ரல் 1 அன்று இருப்பையும் கடன் பாக்கியையும் மட்டும் ஏற்றினால் போதுமா, பழைய பில்களும் வேண்டுமா? ஃபாக்ஸ்புரோ, டாலி இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தவர்கள், எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.